தனத்தின் வெந்நீர்

சிதம்பரத்தில் தான் நடத்தும் கல்யாண மண்டபத்துக்கு ஹீட் பம்ப் வாங்கியதைத் தனம் கடலூர் மாவட்டம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். காற்றிலிருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிற மெஷின் அது. சமையற்கட்டை ஒட்டிய ஸ்டோர் ரூமில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குழாயில் வந்ததோ பச்சைத் தண்ணீர்.

"மாப்பிள்ளையோட அத்தை வந்ததும் வெந்நீர்லதான் குளிப்பாங்க. இல்லன்னா சம்பந்தமே வேணாம்னுடுவாங்க" என்றார், மறுநாள் அங்கே கல்யாணம் நடக்கவிருந்த பெண்ணின் தாய்மாமன் அருள்முருகன்.

மளிகை இறங்கியதும் ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது தாய்மாமன் வழக்கம். தனத்துக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"கதவத் தொறங்க மாமா."

"தொறந்தா முந்திரி மிஞ்சாது."

"பூட்டுன ரூம்ல இருந்த சூட்டையெல்லாம் மெஷின் எடுத்துக்கிச்சு. இனிமே எதை எடுக்கும்? அடுப்புச் சூடு உள்ள வரட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். உள்ளே இமயமலையைக் கொண்டுவந்து அடுக்கினாற்போல் அப்படியொரு குளிர். நெய் டின்னெல்லாம் பாறையாகியிருந்தது. கதவு திறந்ததும் ஏழு அடுப்பின் அனல் உள்ளே பாய்ந்தது, குளிர்காற்று சமையற்கட்டுக்கு வந்தது. வியர்த்துக் கொட்டிய சமையல்காரர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு சாம்பார் கிண்டினார்கள்.

சாயங்காலம் வந்திறங்கிய அத்தை, ஆவி பறக்கும் தண்ணீரில் வீராணம் ஏரியே வற்றும் அளவுக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தார்.

"தண்ணி பிரமாதம். கல்யாணம் முடிஞ்சும் நாலு நாள் இருந்துட்டுப் போறோம்."

அருள்முருகன் மளிகையைத் திரும்பிப் பார்த்தார்.