கண்ணாடிக்காரர் கைகாட்டிய ஆள்

லிஃப்ட் வருவதாக இல்லை என்றதும் மருமகள் படியில் ஏறத் தொடங்கினாள், இரண்டிரண்டு படியாக. எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் அவளுடைய யோசனை. டிவி தொடரில் கொலைகாரன் யார் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது. கதையைக் கதையாகச் சொல்ல வேண்டும், அவர் குறுக்கே பேச இடம் விட்டு. போட்டோக்காரன்தானே, போட்டோக்காரன்தானே என்று நாலு தடவையாவது கேட்பார். அப்போது முகத்தில் எதையும் காட்டிவிடக் கூடாது.

கீழே ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் சண்டை ஓயவில்லை. சத்தம் அவளோடு கூடவே படியேறி வந்தது. இரண்டு வருஷம் வாராவாரம் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் ஏட்டு தலையில் கட்டிவிட்டானே என்று ஒருவர் பொருமினார். நான் போன மாசமே சொன்னேன், வேண்டுமானால் என் பொண்டாட்டியைக் கேட்டுப் பாருங்கள் என்றார் இன்னொருவர். கேட்பதற்கு அந்த அம்மாள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள்.

மூன்றாம் மாடியில் மாமாவின் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்துவிட்டிருந்தது. உடம்பு துடைக்கிறார்கள் போலிருக்கிறது என்று வெளியே நின்றாள். மூச்சு வாங்கியது. திரையை விலக்கிக்கொண்டு வந்த நர்ஸ் அவளைப் பார்த்ததும் நின்றாள்.

"எங்கம்மா போயிட்டீங்க? கால் மணி நேரம் ஆச்சு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மைக்ல ரெண்டு தடவ கூப்பிட்டோமே," என்றாள்.

மருமகள் உள்ளே போனாள். கண்ணாடியைக் கழற்றி மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுந்திய பள்ளம் மட்டும் அவருடையது.

கணவனுக்குப் போன் செய்தாள். குளித்துவிட்டு மாற்றுத் துணி எடுத்துவர அவன் வீட்டுக்குப் போயிருந்தான். மாமா போய்விட்டார் என்று சொன்னாள். அவன் ஒன்றுதான் கேட்டான்.

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்," என்றாள்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது.

மாமனார் ஆயுள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் மூக்கில் அவர் மாட்டிவிட்ட கண்ணாடிதான். கண்ணையே பார்த்துப் பிழைத்தவன், எவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா என்பார். தெரியவே தெரியாது. தொடரில் பாட்டு டீச்சர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பிணமாகக் கிடந்த முதல் வாரமே, வாட்ச்மேன்தான் என்று அடித்துச் சொன்னார். இரண்டு வாரத்தில் வாட்ச்மேனையும் யாரோ தீர்த்துவிட்டார்கள். அடுத்தது டாக்டர் என்றார். டாக்டர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று ஆயிற்று. கண்ணாடிக்காரர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவனுக்கு விடுதலை நிச்சயம் என்று எதிர் சலூனில் ஒரு பேச்சே இருந்தது. அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கடைசி சில மாதங்களாக அவருக்குப் போட்டோக்காரன்தான். கண்ணை அசைக்கவே மாட்டேன் என்கிறான், கவனித்தாயா என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு இரண்டாவது பிரேக்கைப் பிடிப்பவள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் நாகரிகமாக எழுந்து உள்ளே போய்விடுவார். ஒருநாள், விளம்பர இடைவேளையில், "வாட்ச்மேன்தான்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அறையில் வேறு யாரும் இல்லை. "இல்ல மாமா," என்றாள் அவள். அப்படித்தான் ஆரம்பித்தது. வயிற்றில் இருந்தது தங்காமல் போய் அவள் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதத்தில், எல்லோரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அவள் பார்க்காமல் விட்ட கதையை, இன்ஸ்பெக்டரம்மா பேசுவதை இன்ஸ்பெக்டரம்மா குரலிலும் டாக்டர் பேசுவதை டாக்டர் குரலிலுமாக நடித்துக் காட்டினார்.

கடைசிப் பகுதி வந்த அன்று மத்தியானத்திலிருந்தே அவர் ஒரு நிலையில் இல்லை. ஆக்சிஜன் குழாயை இழுத்துவிட்டுக்கொண்டு மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். வார்டில் டிவி கிடையாது. போனில் மறுநாள்தான் வரும். நாளை வரைக்கும் என்னால் தாங்காது என்றார். அவள் அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டாள். கீழே கூடத்தில் டிவி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான். "நீ போய்ப் பாத்துட்டு வாம்மா. நடுவுல எழுந்து வந்துடாதே. முடிவு தெரியாம வந்தா உள்ள விட மாட்டேன்."

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கணவன் ஒரே கதையைச் சொன்னான். தான் அந்த நேரத்தில் இல்லாமல் போய்விட்டதாகவும், ஆனால் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்ததாகவும். முதலில் அவ்வளவுதான் இருந்தது. பிறகு வந்தவர்களிடம், அப்பா அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார் என்றான். பக்கத்து வீட்டம்மாள் அதை வாங்கித் தெருக்கோடியிலிருந்து வந்தவரிடம் கொடுத்தபோது, அவர் அவளைப் பெற்ற மகளே என்று கூப்பிட்டிருந்தார். கொடுத்து வைத்தவர் என்றார்கள். பெத்த பொண்ணுகூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றார்கள்.

மருமகள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. தண்ணீர் கொண்டுவந்தாள், செருப்புகளை ஓரமாகத் தள்ளினாள், ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை மூடினாள். யாராவது அவள் தோளைத் தட்டி உட்கார வைத்தால், உட்கார்ந்த இடத்திலேயே வலது கால் தரையை அழுத்தியது. வண்டி எதிலாவது போய் மோதப் போகிறது என்பதுபோல.

மாமனாரின் மூத்த மகள் விடிந்ததும் வந்து சேர்ந்திருந்தாள். வேறு ஊரில் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டை நிர்வகிப்பவள். உரத்த குரல்காரி. நூறு பேருக்குச் சோறு போடும் இடத்தில் குரல் இல்லாமல் முடியாது. அன்று அந்தக் குரலைக் காணோம். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தவள், தம்பி சொல்லும் கதையை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள். ஒரே ஒருமுறை மருமகளைக் கூப்பிட்டு, "வலிச்சுதா அவருக்கு?" என்று கேட்டாள். இல்லக்கா என்றாள் மருமகள். நர்ஸ் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அதுவரைக்கும் பொய்யில்லை.

பத்து மணி வாக்கில் சலூன்காரர் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆஸ்பத்திரியில் வளர்ந்திருந்த தாடியைப் பார்த்துவிட்டு மருமகளிடம் அனுமதி கேட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தன் பையிலிருந்து ரேசரை எடுத்து, அங்கேயே மண்டியிட்டு மழித்துவிட்டார்.

வேலை முடிந்து கிண்ணத்தை அவளிடம் கொடுக்கும்போது சலூன்காரர் மெதுவாகச் சொன்னார்.

"போட்டோக்காரன் போட்டோக்காரன்னு கடைசி வரைக்கும் அடிச்சுக்கிட்டாரும்மா. இதுவும் தப்பாப் போச்சு. வீட்டு ஓனரம்மா கொல்லுவான்னு யாரு கண்டா?"

"ஓனரம்மா கொல்லலண்ணே," என்றாள் மருமகள். "அவ சாவியைத்தான் குடுத்தா. தொட்டி மூடியைத் திறந்தது ஏட்டு."

சலூன்காரர் வாயைப் பிளந்தார். "ஏட்டா? இன்ஸ்பெக்டரம்மா கூடவே சுத்தினானே, அவனா? ஓனரம்மாவுக்கு விலங்கு மாட்டறப்போ நம்ம தெருவுல கரண்டு போயிடுச்சும்மா. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

விலங்கு மாட்டியது பொய்யாக என்றும், ஏட்டைப் பேச வைக்க இன்ஸ்பெக்டரம்மா போட்ட திட்டம் அது என்றும் சொல்லப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். சலூன்காரருக்குப் பின்னால் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள், கையில் துவைத்த துண்டோடு. துண்டை நீட்டினாள். சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

தொடர் நேற்று எத்தனை மணிக்கு வந்தது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்பா எத்தனை மணிக்குப் போனார் என்பதைக் கணவன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகான நேரம் எப்படிப் போயிற்று என்று மருமகளுக்குத் தெரியவில்லை. வண்டி வந்தது. தூக்கினார்கள். எல்லோரோடும் அவளும் போனாள், எல்லோரோடும் நின்றாள். எங்கே திரும்பினாலும் நாத்தனாரின் பார்வை தன்மேல் இருப்பதாகவே பட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது கேட்பாள், எத்தனை பேர் முன்னால் கேட்பாள் என்பதே நினைப்பாக இருந்ததில், மாமாவை அனுப்பிவைத்த நேரத்தில் மாமாவை நினைக்கவே முடியாமல் போயிற்று.

திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கணவன் உள்ளே போய்ப் படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டான். வாசலில் நாற்காலிக்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். நாத்தனார் கடைசி வரிசையில் ஒன்றில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். மருமகள் உட்கார்ந்தாள்.

"நேத்து ஏழு மணிக்கு எங்க இருந்த?"

குரல் பெரிதாக எழவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"கீழ. டிவி பாத்துட்டிருந்தேன்," என்றாள் மருமகள். மாமா அனுப்பினார் என்று சொல்ல வந்தாள். அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால் பழி இறந்தவர் மேல் போகும். அதனால் அதற்கு அடுத்ததைச் சொன்னாள். "மைக்ல கூப்பிட்டாங்கக்கா. ஏட்டு வாயைத் திறக்கிற நேரம். கரகரன்னு ஏதோ நம்பர் சொன்னாங்க. பேசறது காதுல விழலன்னு அங்க இருந்த எல்லாரும் உஸ்ஸுன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் சொன்னேன்."

நாத்தனார் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் செருகப்படும் சத்தம் சீராகக் கேட்டது.

"அப்பாதானே போகச் சொன்னாரு?"

மருமகளின் வலது கால் தரையை அழுத்தியது.

"அவருதான் சொல்லியிருப்பாரு," என்றாள் நாத்தனார். "தம்பிகிட்ட எதுவும் சொல்லிக்காத. நேத்துலேர்ந்து அந்த ஒண்ணைப் பிடிச்சிக்கிட்டுதான் நிக்கிறான்."

அப்புறம் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் அந்தத் தொடரை ஒருநாளும் டிவில பாத்ததில்ல. அங்க ஏது நேரம்? முடிஞ்சதும் அப்பா போன் பண்ணுவாரு. ஸ்பீக்கர்ல போட்டு சமையல் மேடையில வெச்சிடுவேன். பாத்திரம் தேய்க்கிறவங்க எல்லாரும் அப்படியே நின்னு கேப்பாங்க. இன்ஸ்பெக்டரம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னுகூட எங்க யாருக்கும் தெரியாது. அவங்களுக்கெல்லாம் அப்பா குரல்தான் இன்ஸ்பெக்டரம்மா."

சொல்லும்போது அவள் முகம் ஒரு பக்கமாகக் கோணிற்று. சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"அதுல ராத்திரி பஸ் ஏத்திவிட வந்தவ, அழுதுட்டே கேக்கிறா. அக்கா, இனிமே முடிவை யாரு சொல்லுவான்னு. அறைஞ்சிருப்பேன். அப்புறம் பஸ்ஸு முழுக்க எனக்கும் அதே நினைப்பு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போட்டோக்காரன் ஒண்ணும் பண்ணலயா?"

"இல்லக்கா. அவனுக்கு ஒரு கண்ணு செயற்கைக் கண்ணு. அதான் அசையல. கடைசியிலதான் சொல்றாங்க."

"கண்ணாடிக் கடைக்காரருக்கு அது தெரியல," என்றாள் நாத்தனார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள்.

"சரி, சொல்லு. ஆரம்பத்துலேர்ந்து. அவசரப்படாம."

மருமகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மொட்டைமாடியில் விடாமல் மழை பெய்கிறது என்று ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டரம்மா மட்டும் தனியாக நனைந்துகொண்டு நிற்கிறாள், எல்லோரையும் ஒவ்வொருவராக மேலே வரச் சொல்கிறாள். முதலில் டாக்டர். அப்புறம் போட்டோக்காரன். டாக்டர் பேசும் இடத்தில் அவள் குரல் தானாகவே கொஞ்சம் தடித்தது.

மற்ற நாற்காலிகளையெல்லாம் அடுக்கி முடித்துவிட்டு, இவர்களுடைய இரண்டுக்காக வந்த நாற்காலிக்காரர் சற்றுத் தள்ளி நின்றார். போய்விட்டு அப்புறம் வருவார் போலத் தெரிந்தது. ஏட்டு குடையை மடக்கிக்கொண்டு படியேறும் இடம் வந்ததும், அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் உருவிப் போட்டு உட்கார்ந்தார்.