காக்கைக் கொடிக்காரி

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துளசியை அவள் மாமியார் வேலம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பால் பொங்கி வழிந்தாலும் மூதேவி, மழையில் துணி நனைந்தாலும் மூதேவி. வேலம்மா கெட்ட மனுஷி இல்லை, வாய்தான் அப்படி. ஆனாலும் துளசிக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைத்தது.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் அவர்கள் தோட்டத்துக் கோயிலுக்குக் கல்லில் ஓர் அம்மன் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, துளசிதான் படம் காட்டினாள். தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பழங்கோயில் மதிலோரம் இருந்த சிலையைக் கைப்பேசியில் எடுத்தது. சரிந்த வயிறு, அகன்ற இடுப்பு, இருபக்கமும் பிள்ளைகள், மேலே ஏதோ ஒரு பறவை. நாளெல்லாம் செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தவளைப் போல் இருந்தாள். பார்த்ததும் துளசிக்குப் பிடித்துப்போயிற்று. கோயில் தலைவர் நாராயணசாமியும் தலையாட்ட, அதேபோல் ஒன்று மாமல்லபுரத்தில் செதுக்கிக் கப்பலேறி வந்தது.

பெட்டியைத் திறந்ததும் பூசாரி பின்வாங்கினார்.

"கொடியில காக்கா. புள்ளைக்கு மாட்டு மூஞ்சி. இது மூதேவிங்க, தலைவரே!"

நாராயணசாமிக்கு வேர்த்துவிட்டது. "என்னாம்மா துளசி, விசாரிக்க வேணாமா? ஆத்துல விட்டுற வேண்டியதுதான் லா."

"அந்தக் காலத்துல இவளத்தான் கும்பிட்டாங்க," என்று பூசாரி முனகினார். "அப்புறம் ஒதுக்கிட்டாங்க."

ஆற்றில் போடப்போவது தன்னைத்தான் என்று துளசிக்குத் தோன்றியது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"கும்பிட்டவள ஒதுக்கிட்டு, பேர மட்டும் திட்டுறதுக்கு வச்சிக்கிட்டாங்களா? யாரும் தொட வேணாம். நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

லோரி வாசலில் வந்து நின்றதும் வேலம்மா தலையில் கைவைத்தாள். "அது உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்!"

அதனால் அம்மன் வாசலில் மாமரத்தடியிலேயே உட்கார்ந்தாள். துளசி குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, செம்பருத்தி வைத்தாள். வேலம்மா சன்னலை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை, துளசி தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பால் பொங்கியது. வேலம்மா வழக்கம்போல் வாயைத் திறந்தாள்.

"ஏய் மூ..."

சன்னலுக்கு வெளியே அவள், பூவும் மஞ்சளுமாக, காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலம்மா வாயை மூடிக்கொண்டாள். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று சற்றுத் தடுமாறினாள்.

"துளசி," என்றாள் மெதுவாக. "பால் பொங்குதும்மா."

அடுப்பை அணைக்க வேண்டும் என்பதே துளசிக்கு மறந்துபோயிற்று.