இருபது நிமிட மாட்டிறைச்சி

கௌசலாவுக்கு அது ஐந்தாம் மாதம். கிளினிக்கில் பரிசோதித்த தாதி மிஸ்ஸி, "ரத்தம் காணாது பிள்ளை. இறைச்சி, பச்சை மரக்கறி எல்லாம் சாப்பிடுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். அன்று பின்னேரமே கணவன் ரஜிதன் தொலைபேசியில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தான். மாட்டிறைச்சியும் புரோக்கோலியும். இருபது நிமிடம், குறைந்த செலவு.

விசுவமடுவில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற ரஜிதனுக்கு அதுவரை குசினிக்குள் தண்ணீர்ச் செம்பு இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும்.

"மாட்டிறைச்சியோ? மாமிக்குத் தெரிஞ்சால்?" என்றாள் கௌசலா.

மாமி நாகேஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் முட்டை வாங்கிய பையைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார்.

"அம்மா திங்கக்கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போறா. அடுத்த நாள்தான் வருவா. நான் காய்ச்சுறன், நீர் பேசாமல் இரும்."

திங்கள் காலை தாய் பஸ் ஏறியதும் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். உள்ளூர்க் கடையில் புரோக்கோலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அது எந்தப் பூச்சிக்கு அடிக்கிறது தம்பி?" என்றார் கடைக்காரர். கிளிநொச்சியில் ஒரு பெரிய கடையின் குளிர்ப்பெட்டியில் ஒரேயொரு பூ, ஓரம் மஞ்சளாகிக் கிடந்தது. அதற்கு அரைக் கிலோ இறைச்சியைவிட விலை கூட. அம்மாவின் சட்டியில் மாட்டிறைச்சி காய்ச்ச முடியாது என்பதால் புதுத் தாச்சியொன்றும் வாங்கினான். சோயா சோஸ் ஒரு போத்தல். பெற்றோல். இறைச்சியை மூன்று பைகளில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தவனிடம், "இந்தக் காசுக்கு ரெண்டு சேவல் வாங்கியிருக்கலாம்" என்றாள் கௌசலா. அவன் வீடியோவை மறுபடி போட்டான்.

கிணற்றடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினான். இருபது நிமிடம் போனது. பிறகு ஒரு மணித்தியாலமும் போனது. வீடியோவில் இருந்த மாடு என்ன தின்று வளர்ந்ததோ, இது வயல் வெயிலில் அலைந்த மாடு. துண்டுகள் பழைய டயர் போலக் கிடந்தன.

அப்போது படலை திறந்தது. கூடப் போன அயல்வீட்டு வடிவம்மாவுக்குத் தலைசுற்று வந்து, நாகேஸ்வரி அவரையும் கூட்டிக்கொண்டு பாதி வழியிலேயே திரும்பியிருந்தார்.

"என்னடா காய்ச்சிறாய்?"

"ஆட்டிறைச்சி அம்மா. இவளுக்கு ரத்தம் காணாதாம்."

நாகேஸ்வரி நெற்றித் திருநீறு கலையாமல் குனிந்து தாச்சிக்குள் பார்த்தார். அகப்பையை வாங்கி ஒரு துண்டை அழுத்தினார்.

"இது இப்பிடி அவியாது. ஒரு பப்பாக்காய்த் துண்டு வெட்டிப் போட்டு, மூடித் தணலில விடு. மாட்டிறைச்சிக்கு அவசரம் கூடாது."



"அம்மா... உங்களுக்கு எப்பிடி..."

"முள்ளிவாய்க்காலில உனக்கு என்னத்தைத் தந்தனான் எண்டு நினைச்சாய்? ஷெல் பட்டுச் செத்த மாடு. ஆட்டிறைச்சி எண்டு சொல்லித்தான் தந்தனான். இன்னும் வேணும் எண்டு அழுதனி."

அப்போது அவனுக்குப் பத்து வயது. அந்த ருசி நாக்கில் அப்படியே நின்றது. அதன் பிறகு எத்தனையோ கலியாண வீடுகளில், எத்தனையோ கடைகளில் ஆட்டிறைச்சி சாப்பிட்டிருக்கிறான். ஒன்றுகூட அம்மா அன்று காய்ச்சியதைப் போல் இல்லையே என்று குறைபட்டுமிருக்கிறான்.

"நீங்களும் திண்டனீங்களோ?"

"உப்புப் பாக்காமல் பிள்ளைக்குக் குடுக்கிறதே?" என்றுவிட்டு அவர் முழுகப் போனார்.

பொழுது படுமுன் இறைச்சி பஞ்சாக அவிந்தது. கடைசியில் புரோக்கோலியைப் போட்டுக் கிளறி, சோற்றுடன் கௌசலாவின் முன்னால் வைத்தான். இறைச்சி மணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாகக் சோற்றுக் கோப்பை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பச்சைப் பூவை மட்டும் தேடித் தேடிச் சாப்பிட்டாள்.

மிச்ச இறைச்சி முழுவதையும் ரஜிதனே கிணற்றடியில் குந்தியிருந்து தின்றான். அவனுக்குக் கண் கலங்கியது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டான்.

உள்ளேயிருந்து கௌசலாவின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, அந்தப் பூ நல்லாயிருக்கு. நாளைக்கும் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறீங்களோ?"

ரஜிதன் கையைக் கழுவிவிட்டு, மோட்டார் சைக்கிளில் பெற்றோல் மிச்சம் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான்.