விசிறிக்கு அடியில்

என் அண்ணன் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் வாத்தியார். சாப்பிட உட்கார்ந்தாலும் ப்ராசசர் வரலாறுதான். "386-க்கு விசிறியே கிடையாது, சும்மா காத்தாட ஓடும். 486 தலைல சூட்டை இழுக்க ஒரு தகட்டை வெச்சாங்க. பென்டியம் வந்ததும் விசிறி இல்லாம முடியாதுன்னு ஆயிடுச்சு. புத்தி ஏற ஏறத் தலைச்சூடும் ஏறும்!" என்று சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். நாங்களும் சிரித்து வைப்போம்.

நான் வீட்டிலிருந்தபடி ஓர் அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். வேலையை வாங்கிக் கொடுத்தவன் அண்ணன். அதற்கான கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தவனும் அவன்தான். ஆனால் அது பாதிப் பக்கத்தில் பட்டென்று அணைந்துவிடும். அவனுக்குப் போன் செய்தால் பாட்டு விழும். "சுவரோட ஒட்டி வெச்சிருப்ப. எல்லாத்தையும் ஒரே நேரத்துல திறந்து வெச்சிருப்ப. உன் கை பட்டா எதுதான் உருப்படும்?"

மேசையை நகர்த்தினேன். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்து, புழுக்கத்தில் நான் வெந்தேன். "எனக்குத்தான் சரியாக் கையாளத் தெரியலை சார்" என்று அச்சகக்காரரிடம் நானே சொல்லி வைத்தேன். கடைசியில் அவரும் பொறுமை இழந்தார். இந்தப் புத்தகமும் தாமதமானால் வேலை வேறு ஆளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வகுப்புக்கே போனேன். அவனுக்கு ஏகக் குஷி. மாணவர்களை மேசையைச் சுற்றி நிற்க வைத்தான். "உபயோகிக்கத் தெரியாதவங்க ஒரு நல்ல மெஷினை என்ன பாடு படுத்துவாங்கன்னு பாருங்க. இவ என் சொந்தத் தங்கச்சிதான்." எல்லோரும் சிரித்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருகுகளைக் கழற்றி, ப்ராசசர் மேலிருந்த விசிறியைத் தகட்டோடு தூக்கினான். தகட்டின் அடியில், சூட்டைக் கடத்தத் தடவும் பசைக்கு நடுவே ஒரு கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்டும் முன் உரிக்கவும் என்று அதிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தது. அவன் உரிக்காமலே பூட்டியிருக்கிறான். சூடு வெளியேற வழியில்லாமல்தான் மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"சார், ஃபிலிமை உரிக்கணும்னு முதல் பாடத்துலயே சொன்னீங்களே..." என்று ஒரு மாணவி ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அண்ணன் காது சிவந்துவிட்டது. இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு என் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அவனை அப்படிப் பார்க்கச் சகிக்காமல் வாயைத் திறந்தேன். "நான்தான் தூசி படாம இருக்கட்டும்னு ஒட்டினேன்."

வீட்டில் உட்கார்ந்து யாரும் ஒட்டக்கூடிய இடமில்லை அது. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவன் மறுப்பான் என்றுதான் நினைத்தேன்.

"பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்" என்றான் அண்ணன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மாணவர்கள் போன பிறகு தாளை உரித்து, புதுப் பசை தடவிப் பூட்டினான். மெஷின் அணையவே இல்லை.

"அச்சகக்காரர்கிட்டயாவது உண்மையைச் சொல்லுண்ணா. என்னை ஒண்ணும் தெரியாதவள்னு நெனச்சிட்டிருக்கார்."

"சொல்றேன், சொல்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை.

"சார், அவ மேல தப்பே இல்லை. ப்ராசசர்லயே கோளாறு. தயாராகி வரும்போதே அப்படித்தான் வந்திருக்கு. ஆமாமா, நான்தான் கண்டுபிடிச்சேன்."

திரும்பி வந்து, "வேலை உனக்குத்தான், போ" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மெஷினைப் பார்த்துச் சொன்னான்.

உன் தப்பை ஏன் மறைச்சே என்று கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்றேன்.

மெஷின் இப்போது சூடே ஆவதில்லை. அந்த தேங்க்ஸை நினைத்தால்தான் வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுடுகிறது.