இரண்டு நிமிடம் நின்றவர்

எனக்குக் கோபம் வந்தால் ஜீப்புக்குத் தெரிந்துவிடும். கியரை அப்படிப் போடுவேன். அன்றைக்குக் காலையிலிருந்தே அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். காரணம், பின் சீட்டில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேடம்.

மேடம் எங்கள் நலத்துறை ஆபீசில் விசாரணை அதிகாரி. ஆபீசில் அவருக்குக் கோந்து என்று பெயர். யார் வைத்தது என்று கேட்காதீர்கள், நான்தான். ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். மற்ற அதிகாரிகள் ஒரு நாளில் முப்பது வீடு முடித்துவிட்டு வெளிச்சத்தோடு வீடு திரும்புவார்கள். இவர் ஆறு முடித்தால் அதிகம். எனக்குச் சர்க்கரை வேறு. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கண்ணைக் கட்டும். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். "ஆமாண்ணே, பாவம் நீங்க" என்பார். சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

அரசாங்கத் திட்டம் என்றால் மேலே யாரோ கையெழுத்துப் போடுகிறார், கீழே எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது என்று நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம் ஜீப் ஓட்டியதில் தெளிந்துவிட்டது. விண்ணப்பம் கிராம அலுவலகத்தில் கொடுக்கப்படுகிறது. அங்கிருந்து எங்களிடம் வருகிறது. எங்கள் ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறார். அந்த எழுத்தைப் படித்துவிட்டு மூன்று பேர் கொண்ட குழு 'உண்டு' அல்லது 'இல்லை' என்கிறது. அந்த மூன்று பேரும் விண்ணப்பித்தவரின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. பார்ப்பவர் ஒருவர்தான். அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஒரு கட்டட மேஸ்திரியின் வீட்டுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்பு இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். பராமரிப்புத் திட்டத்தில் பகலெல்லாம் உடனிருந்து பார்த்துக்கொள்ள அரசாங்கமே ஒரு உதவியாளரை வீட்டுக்கு அனுப்பும். அதற்காக அவர் மனைவி விண்ணப்பித்திருந்தார். முதல் விசாரணையிலேயே 'தகுதியில்லை' என்று எழுதியாகிவிட்டது. ஃபைலை மூட மேடத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? போடவில்லை. விசாரணைக்குப் போன இளைஞரைக் கூப்பிட்டார். நல்ல பையன்தான், அன்றைக்கு அவருக்கு முப்பத்தொரு வீடு.

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும் மேடம். ஆள் நல்லா எழுந்து நின்னார். எனக்கு வணக்கம்கூடச் சொன்னார்."

"நின்னாரா. சரி, அதுக்கப்புறம்?"

"அப்புறம்... நான் கிளம்பிட்டேன் மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். விதிப்படி மூன்று நாள் முன்னதாகத் தகவல் அனுப்பிவிட்டு, இதோ, என் உயிரை எடுக்கக் கிளம்பிவிட்டார்.

கடைசி இருநூறு அடிக்கு ஜீப் போகாது. சந்து முனையிலேயே அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தார். தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பவர். எங்களைப் பார்க்க அன்றைக்கு லீவு போட்டிருந்தார். வீட்டுக்குள் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலை இறக்கி மேடத்திடம் பேசினார்.

"மேடம், இன்னைக்கு எழுந்திரிக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. போன தடவை நின்னுட்டாரு, அதான் கெட்டுப்போச்சு. ஒண்ணாந்தேதியிலேர்ந்து நேரத்துக்கு வராட்டா வரவே வேணாம்னு கம்பெனில சொல்லிட்டாங்க மேடம். இந்த வேலையும் போச்சுன்னா எங்களுக்கு வேற எதுவும் இல்ல."

ஒன்றாம் தேதிக்கு அப்போது பதின்மூன்று நாள் இருந்தது.

வீடு இரண்டே அறை. கட்டில்காலுக்கு அடியில் சிமெண்ட் கல் வைத்து, எழுந்திருக்கச் சுலபமாக, உட்கார்ந்தால் பாதமும் தரையில் படும் உயரத்துக்குச் சரியாகத் தூக்கியிருந்தார்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் ஓடியது. படுத்த இடத்திலிருந்தே மேஸ்திரி அளவு சொல்லிப் பதிக்க வைத்ததாம். ஒரு இடத்தில்கூடக் கோணல் இல்லை. தரை அப்போதுதான் ஃபினாயில் போட்டுத் துடைத்திருந்தது. மேஸ்திரி முகம் மழித்து, தலை வாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் வீட்டையும் ஆளையும் பளிச்சென்று வைக்காமல் இருக்க முடியுமா? எந்த வீட்டிலும் இப்படித்தான். முடியாத ஆள் என்று காட்ட வேண்டிய நாளில்தான் முடிந்த மட்டும் ஜோடித்து வைப்பார்கள்.

மேடம் வாசலைத் தாண்டினார். மேஸ்திரியின் இரண்டு கையும் கட்டிலுக்கு முன்னால் கிடந்த மேசையின் விளிம்பைப் பிடித்தன. தோளை உயர்த்தி, பல்லைக் கடித்து, ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னங்க! உக்காருங்க! காலைலேர்ந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாங்க மேடம்" என்றார் மேஸ்திரி. "வீட்டுக்கு வந்தவங்க நிக்க, நான் உக்காந்திருக்கறது எனக்கு வராது."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எனக்கு அந்த மனுஷன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பன்னிரண்டு ஆளை வைத்து வேலை வாங்கியவராம், மரியாதை தெரிந்தவராம். யாருக்கு வேண்டும் இந்த மரியாதை? பெண்டாட்டி பிழைப்பு போகிறது.

மேடம் படிவத்தை எடுத்தார். 'எழுந்து நிற்க இயலுமா?' என்ற கேள்விக்கு எதிரே, எங்கள் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, 'ஆம்' என்று டிக் போட்டார். அந்த அம்மாளின் முகம் வெளிறிவிட்டது.

பிறகு மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு வெள்ளைத்தாளில் 10.10 என்று எழுதினார். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து வேறு நாலு ஃபைலை எடுத்து அடுக்கினார்.

"எனக்குக் கொஞ்சம் எழுத்து வேலை இருக்கு. இங்கேயே உக்காந்து முடிச்சுக்கட்டுமா? நீங்க உங்க வேலையைப் பாருங்க."

கோந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி சாப்பாடு இல்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

10.12க்கு மேஸ்திரியின் கை நடுங்கத் தொடங்கியது. அப்படியே கட்டிலில் சரிந்தார். சரிந்த வேகத்தில் வலது கால் தானாகத் துள்ளியது. அவர் சொல்லாமலே, அவர் பேச்சைக் கேட்காமலே, விட்டு விட்டுத் துள்ளியது. மனைவி ஓடிவந்து முழங்காலின் மேல் தன் உடம்பையே போட்டு அழுத்தினார். பழகிய கை. எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. கால் அடங்கியபோது கட்டிலின் விரிப்பு நனைந்திருந்தது. நான் வாசலுக்கு வந்துவிட்டேன். மேடம் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு ஃபைலில் குனிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து அந்த அம்மாள் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் வந்தது. துணி மாற்றி, விரிப்பு மாற்றி, அவரைப் புரட்டிப் படுக்க வைத்து முடிக்கப் பதினொன்றே கால் ஆனது. பன்னிரண்டு வரை அவரால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மனைவிதான் வாயில் ஊற்றினார்.

"தினமும் இப்படியா?" மேடம் கேட்டார்.

"யாராவது வந்தாப் போதும் மேடம், இப்படித்தான். காலைல பால்காரர் வருவாரு, அவருக்கும் எழுந்து நிப்பாரு. லிட்டர் பாலுக்கு எதுக்குங்க சல்யூட்டுன்னு கேட்டாச்சு, சண்டை போட்டாச்சு. அந்த ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு மணி நேரம் போகுது. கம்பெனி பஸ் அதுவரைக்கும் நிக்குமா?"

மேஸ்திரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பன்னிரண்டரைக்கு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனபோது மேடம் எழுதி முடித்திருந்தார். படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு விரல் இடம்கூடக் கிடையாது. அதனால் தனித்தாள். விதிப்படி, எழுதியதை விண்ணப்பித்த வீட்டாருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். யார் வாசிக்கிறார்கள்? "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலை வைத்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான். மேடம் வாசித்தார்.

"10.10, எழுந்து நின்றார். 10.12, கைகள் நடுங்கி விழுந்தார். 10.12 முதல் 10.30 வரை கால் கட்டுப்பாடின்றித் துடித்தது, மனைவி தன் உடல் எடையால் அழுத்திப் பிடித்தார். 11.15 வரை மனைவியால் வேறெதுவும் செய்ய இயலவில்லை. 12 மணி வரை மேஸ்திரியால் தானாகத் தண்ணீர் குடிக்க இயலவில்லை. நிற்பது அவரால் இயலும். நின்றதற்குப் பிறகு அவரைத் தனியாக விட இயலாது."

ஒரு ஆம்பளையைப் படுக்க வைத்துக்கொண்டு இதையெல்லாம் அவர் காதுபட வாசிப்பது சாமானியமில்லை. என் பசி எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க மேடம்" என்றார் மேஸ்திரி.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "அது வேணாம்னு நெனச்சேன்."

"நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டதைப் பார்த்தேன். பெரிய மனசு உங்களுக்கு. ஆனா எழுதுங்க. படுக்கையிலேயே போயிட்டேன்னு எழுதுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, மூணு தடவை. அத்தனையும் இவதான் துடைக்கிறா, இவதான் துவைக்கிறா. ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. அதையும் எழுதுங்க."

"போதுங்க" என்றார் மனைவி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீ சும்மா இரு. படிக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?"

மேடம் எழுதினார். அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதினார். மறுபடி முழுதும் வாசித்தார். மேஸ்திரி பேனாவை இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மேடம், ஆம்னு டிக் போட்டுட்டீங்களே. குழுவில அதை மட்டும் பார்த்துட்டு மூடிட்டாங்கன்னா?"

"நின்னார்லண்ணே. இல்லைன்னு எப்படி எழுத முடியும்? ஒரு வீட்டுக்கு நல்லது பண்றோம்னு ஒரு பொய் எழுதினா, அடுத்த வீட்டுக்கு நான் எழுதற உண்மையை யார் நம்புவாங்க? நின்னதை எழுதணும், மிச்சத்தையும் எழுதணும். எடம் இல்லைன்னா இன்னொரு தாள் வைக்கணும்."

இதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்குப் பசிக்குமே, பாவம்" என்றார். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை. இத்தனை வருஷம் மேடத்தைக் கேலி பேசினோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. நான் பார்த்த அதிகாரிகளில் அவரைப்போல இன்னொருவர் கிடையாது. இதைச் சத்தியம் செய்தே சொல்வேன்.

குழு இருபத்தேழாம் தேதி கூடியது. ஃபைல் தனியாகப் போகக் கூடாது என்று மேடமும் கூடவே போய், அந்தத் தாளைப் படிவத்துக்கு மேலே வைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் படிக்கும்வரை அறைவாசலில் நின்றார். கோந்தாயிற்றே. மறுநாள் உத்தரவு தயாரானது. தபாலில் போட்டால் ஒன்றாம் தேதி தாண்டிவிடும் என்று என்னிடமே கொடுத்து அனுப்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அந்த அம்மாள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை மேசை விளிம்புக்குப் போனது. போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்க டிரைவர். நான் எழுந்திரிக்கல, தப்பா நெனச்சுக்காதீங்க."

"ஐயோ, என்னங்க நீங்க" என்று உளறினேன்.

அந்த அம்மாள் உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தார். காலை ஏழு மணி முதல் மாலை நான்கு மணி வரை உதவியாளர் வருவார், ஒன்றாம் தேதி முதல் என்று இருந்தது. உடனே கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஹலோ என்றதும் இவருக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறக்கிறார், அழுகைதான் வருகிறது.

"கொடு இங்க" என்று மேஸ்திரி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, உங்ககிட்ட காலர் தைக்கறாங்களே, அவங்க வீட்டுக்காரன் பேசறேன். ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேலைக்கு வருவா. நேரத்துக்கு வருவா. இவ்வளவு நாள் லேட்டானது அவளால இல்லீங்க, என்னால."