புகையிலைத் தண்ணீர்

சரோஜா அந்தக் கேள்வியைக் கேட்டபோது மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டிய கம்பெனி வேனின் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டிருந்தார்.

"மேடம், இந்தப் பொயலத் தண்ணிக்கும் கிளவுஸ் போட்டுக்கணுமா?"

மண்ணூர் வெண்டைத் தோட்டத்தின் தகரக் கொட்டகையில் பதினெட்டுப் பெண்களும் நான்கு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மைக் இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசித் தொண்டை கட்டியிருந்தது ஷெர்லினுக்கு. வல்லம் வடகாலில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் அவளுக்கு வேலை. இந்தத் தோட்டத்துக் காய்கறிதான் கம்பெனி கேன்டீனுக்குப் போகிறது. அதனால் இங்கே வேலை செய்கிறவர்களுக்கு மருந்தடிப்பதில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்து, அவளை அனுப்பியிருந்தது.

நன்றாகத்தான் பேசியிருந்தாள். காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது, அடைத்துக்கொண்ட முனையை வாய் வைத்து ஊதக் கூடாது, மருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாவற்றையும் செய்து காட்டினாள். ஆளுக்கு ஒரு ஜோடி கையுறையும் கொடுத்தாள். புகையிலை மட்டும் அவள் தயார் செய்து வந்ததில் இல்லை. அசுவினிப் பூச்சிக்காகப் புகையிலைத் தூளைப் பீப்பாயில் ஊறவைத்து, கையால் பிசைந்து, பிழிந்து வடிகட்டி அடிக்கிறார்கள் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"அது இயற்கை மருந்துதானேக்கா. பயமில்ல. வேலை முடிஞ்சதும் கைய நல்லா கழுவிக்குங்க, போதும்."

சரோஜாவுக்கு ஐம்பது வயதிருக்கும். திருப்தியோடு பக்கத்தில் இருந்த கலைமதியின் தோளைத் தட்டினாள். "கேட்டுக்கினியா? நான் சொன்னா நம்ப மாட்டியே. நாளைக்கி நீயும் வந்து பிழி."

எல்லோரும் சிரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். ஷெர்லின் வேனில் ஏறினாள்.

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வேன் நின்றபோதுதான் அவளுக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது. தெரியாத ஒன்றைத் தெரிந்தது மாதிரி சொல்லிவிட்டோமோ? போனை எடுத்துத் தேடினாள். புகையிலைத் தோட்டங்களில் ஈர இலையைப் பறிக்கிறவர்களுக்கு நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்று இருந்தது. வாந்தி, மயக்கம், வியர்வை, படபடப்பு. இலையைத் தொட்டதற்கே இப்படி என்றால், ஊறிய தண்ணீரில் முழங்கை வரை முக்கிப் பிழிந்தால்?

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற தசரதனை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை.

"அண்ணே, வண்டியத் திருப்ப முடியுமா?"

"இன்னும் மூணு பேர எறக்கணும்மா. இன்னா, எதனா மறந்துட்டியா?"

"ஒண்ணுமில்ல" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் அவள் தங்கியிருந்த அறைக்குப் போன பிறகும் உட்கார முடியவில்லை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். தசரதனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்: "நாளைக்குப் புகையிலைத் தண்ணி தொட வேணாம்னு சொல்லுங்க." ஒற்றை டிக் ஒற்றை டிக்காகவே இருந்தது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று செருப்பைக்கூடப் போட்டாள். பிறகு, தேவையில்லாமல் பயப்படுகிறோம், காலையில் பார்க்கலாம் என்று கழற்றிவிட்டாள்.

விடிகாலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் நேராகத் தன் மேலாளர் சிவசங்கரிடம் போனாள்.

"சார், நான் மண்ணூர் போகணும்."

"இன்னிக்கா? ஒன்பதரைக்கு ஆடிட் டீம் வருது. ஃபயர் ரிஜிஸ்டர் உன்கிட்டதான் இருக்கு."

"நேத்து அவங்ககிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன் சார். இன்னிக்கு அவங்க புகையிலைத் தண்ணி அடிக்கிறாங்க."

சிவசங்கர் சிரித்தார். "புகையிலைதானேம்மா? ஊரே வாயில போட்டு மெல்லுது."

"இவங்க மெல்லல சார். பீப்பாய்க்குள்ள கைய விட்டுப் பிழியறாங்க. ஒரு துளியில்ல, உடம்பெல்லாம் நனையுது."

"போன் பண்ணு."

"எடுக்கல."

"அப்ப ஆடிட் முடிஞ்சதும் போ."

ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். கேட்டுக்கு வெளியே வந்து ஆட்டோவைக் கைகாட்டினாள். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள். ஷிப்டுக்குத் தாமதமானவர்கள் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடினார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் அவளுடைய கால் தானாக ஆட்டோவின் தரையை அழுத்தியது.

தோட்டத்துக்குள் ஆட்டோ திரும்பும்போதே மோட்டார் ரூம் பக்கம் கூட்டம் தெரிந்தது.

சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. தூறலிலும் அவளுக்கு வியர்த்து ஊற்றியது. இரண்டு முறை வாந்தி எடுத்த தடம் பக்கத்தில் கிடந்தது. தசரதன் எலுமிச்சை ஜூஸோடு குனிந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல மேடம், பித்தம். காலைல வெறும் வயித்தோட வந்துகிது."

"அதக் குடுக்காதீங்கண்ணே. எவ்ளோ நேரமா பிழிஞ்சாங்க?"

"ஆறு மணிலேர்ந்து" என்றாள் கலைமதி. அவள் குரலும் சரியாக இல்லை. "எனக்கும் தல சுத்திகினேதான் கீது மேடம்."

சரோஜா புடவைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டை மார்பு வரை பழுப்பாக நனைந்து ஒட்டியிருந்தது. முழங்கை வரை கறை. நேற்றுக் கொடுத்த கையுறைகள் கவர் பிரிக்காமல் கொட்டகை ஆணியில் தொங்கின.

"தார்ப்பாய் எடுத்துட்டு வந்து சுத்திப் பிடிங்க. இவங்க ரெண்டு பேரோட நனைஞ்ச துணிய மொத்தமா கழட்டணும். மோட்டார் போடுங்க. சோப்பு எங்க?"

தசரதன் தயங்கினார். "இன்னா மேடம், பொயலதான..."

"அதுதான் ஏறியிருக்கு! ஆம்பளைங்க அந்தப் பக்கம் போங்க!"

அவள் கத்தியதில் எல்லோரும் நகர்ந்தார்கள். ஷெர்லின் தன் பையிலிருந்த கையுறையை மாட்டிக்கொண்டாள். பெண்கள் தார்ப்பாயை உயர்த்திப் பிடிக்க, சரோஜாவின் துணிகளை அவிழ்த்துத் தள்ளிப் போட்டு, சோப்புப் போட்டு, பம்ப் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள். நகக்கண்களைக்கூட விடவில்லை. கலைமதியும் கழுவிக்கொண்டாள். யாரோ வீட்டுக்கு ஓடிப் போய் நைட்டி கொண்டுவந்தார்கள்.

சரோஜா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"நீதானம்மா சொன்ன... இயற்கைனு."

ஷெர்லின் அவளைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். கலைமதியும் ஏறிக்கொண்டாள்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து அடிச்சாங்க?" என்றுதான்.

"புகையிலை ஊறவச்ச தண்ணி டாக்டர். மூணு மணி நேரம் வெறுங்கையில பிழிஞ்சிருக்காங்க. வந்ததும் துணி மாத்தி சோப்பு போட்டுக் கழுவிட்டோம்."

"நல்லதாப் போச்சு. ஒண்ணும் தெரியாம வந்திருந்தா என்னன்னு தேடவே நேரம் போயிருக்கும்." அவர் நர்ஸைக் கூப்பிட்டார்.

மதியம் வரை சரோஜாவின் நாடித்துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஷெர்லின் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். போனில் சிவசங்கரின் பெயர் ஆறு முறை வந்து போனது. இரண்டு மணிக்குச் சரோஜாவின் மகள் சுபஸ்ரீ வந்து சேர்ந்தாள். செல்போன் கம்பெனியில் ஷிப்டைப் பாதியில் விட்டு வந்திருந்தாள். கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கதான் டிரெய்னிங் குடுத்தவங்களா?"

"ஆமா."

"பயமில்லனு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுக்குப் பதிலா அப்படிச் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். சுபஸ்ரீ திட்டவில்லை. "எங்க லைன்லயும் இப்படித்தான். இன்னா கேட்டாலும் சேஃப், சேஃப்னு சொல்வாங்க" என்றுவிட்டு, அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று ஷெர்லினுக்குத் தோன்றியது.

நான்கு மணிக்குச் சரோஜா கஞ்சி குடித்தாள். மறுநாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். கலைமதியை அன்றே அனுப்பிவிட்டார்கள்.

ஆடிட் வேலையை விட்டுப் போனதற்காகக் கம்பெனியில் ஷெர்லினுக்கு மெமோ கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பயிற்சி அறிக்கையில், இருபத்திரண்டு பேர் பயிற்சி பெற்றார்கள் என்பதற்குக் கீழே, தவறான தகவல் தரப்பட்டது, அதனால் இருவருக்கு உடல்நலம் பாதித்தது என்று எழுதினாள். சிவசங்கர் அந்த வரியில் விரல் வைத்தார்.

"இது எதுக்கு? உனக்குத்தான் பிரச்சனை."

"இருக்கட்டும் சார். அங்க இன்னொரு பயிற்சி நடத்தணும். இது இல்லன்னா எதுக்குன்னு கேப்பாங்க."

அவர் வரியை அடிக்காமலே மேலே அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து அதே கொட்டகை. இந்த முறை லேப்டாப் கொண்டுபோகவில்லை.

"போன தடவ பொயலத் தண்ணியப் பத்தி நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தாள். "சரோஜாக்கா கேட்டாங்க. எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

கலைமதி எழுந்தாள். "அப்ப அன்னிக்கி சொன்ன மத்ததெல்லாம்? அதுல எதெது தப்பு?"

ஷெர்லின் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாக மறுபடி எடுத்தார்கள். கேள்விகள் குவிந்தன. மருந்தடித்த துணியைக் குழந்தைத் துணியோடு துவைக்கலாமா? மாசமாக இருப்பவள் மருந்து கலக்கலாமா? வேப்பெண்ணெய் கண்ணில் பட்டால்? தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு அங்கேயே வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கும் தெரியாத ஒன்றை நோட்டில் எழுதிக்கொண்டாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தபோது, காத்திருக்க முடியாவிட்டால் போகச் சொல்லிவிட்டாள்.

தசரதன் கடைசி வரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் அந்தத் தோட்டத்தில் யாரும் புகையிலை பிழிவதில்லை என்று அவராகவே அறிவித்தார். பீப்பாயை என்ன செய்வது என்று யாரோ கேட்க, பெரிய விவாதமே நடந்தது.

கலையும்போது சரோஜா அவள் அருகில் வந்தாள். மெலிந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரில உம்மேல கோவமாத்தான் இருந்துச்சு எனக்கு. இப்பவும் கொஞ்சம் கீது."

"இருக்கட்டும்க்கா."

"அடுத்த மாசமும் வருவியா?"

"வரேன்."

"அப்ப அந்த நோட்ட மறக்காம எடுத்துனு வா" என்று சொல்லிவிட்டு, சரோஜா வெண்டை பறிக்கும் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.