உம்மு ஹாத்திமின் ஈ

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்டவளை மூன்று நாள் அசையாமல் உட்கார வைத்தது ஒரு ஈ.

எழுபத்தாறாம் ஆண்டு அது. ஈராக்கில், பாஸ்ராவுக்கு வடக்கே, நாணல் தீவில், எருமை வளர்க்கும் உம்மு ஹாத்திம் வீட்டில் ஈ ஆராய்ச்சிக்காகத் தங்கியிருந்தேன். புத்தகத்தில் அந்த ஈக்கு மான் ஈ என்று பெயர். இங்கே மானை யார் கண்டது? கடியெல்லாம் எருமைக்கும் எங்களுக்கும்தான். இந்தத் தீவு ஈயின் இறக்கையில் உள்ள கறுப்புப் பட்டை மற்றதைவிடக் கொஞ்சம் அகலம். இது புது இனம் என்று நான்கு வருடமாகச் சாதித்துக்கொண்டிருந்தேன். என் பேராசிரியர் மசியவில்லை.

"கண்ணப் பாத்துட்டு வா சுஹாத். பழைய இனத்துக்குப் பச்சைக் கண்ணுல மூணு பொட்டு. உன்னோடதுல கோடு இருந்தா ஒத்துக்கறேன்."

செத்த ஈயின் கண் கறுத்துவிடும். உயிரோடு பார்க்க வேண்டும். பருவமோ முடியப்போகிறது.

புது இனமென்றால் உம்மு ஹாத்திமின் பெயரை வைப்பதாக வாய்விட்டிருந்தேன். அவளோ, படகில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

"பொருத்தந்தான், நீயும் சும்மாவா கடிக்கிற!" என்றாள் அவள் நாத்தனார்.

மூன்றாம் நாள் மதியம் என் மணிக்கட்டில் ஒன்று உட்கார்ந்தது. லென்ஸைப் பிடித்தேன். சுருக்கென்று குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

பட்டென்று ஓர் அடி விழுந்தது. உம்மு ஹாத்திம்! விருந்தாளியை ஈ கடிக்க, பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கைக்குத் தெரியாது.

"பாழாப்போன கை! உன் நாலு வருசத்த நசுக்கிட்டேனே மகளே!"

அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பால் கறக்கவும் போகவில்லை.

நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பார்ப்பதற்குள் அடித்துவிட்டாள் என்று பேராசிரியரிடம் சொன்னால் போதும். என் இனம் அடுத்த பருவம்வரை தப்பிக்கும். யாரும் சரிபார்க்க முடியாது. ஆசை அரித்தது. அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"சின்னம்மா, நீங்க அடிக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"கோடா?"

"பொட்டு. மூணு பொட்டு. பழைய ஈதான்."

"அப்ப நான் ஒண்ணும் கெடுக்கலயா?"

"இல்ல. ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே, இனி என்ன சொல்லுவீங்க?"

"ஈ நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திடுச்சுன்னு சொல்றேன். நீ ஏன் நிக்கிற? வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் மடியில் நான்கு வருடத்தையும் அழுது தீர்த்தேன்.